தேனீக்களுக்குச் சொல்லியாயிற்று

அக்டோபர் 28, செவ்வாய்

லிங்கன்ஷயர் வந்து சேர்ந்தேன். ரயிலடியில் டோரீன் காத்திருந்தார். எழுபத்தாறு வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. என் பெட்டியை என்னைவிட வேகமாக இழுத்துக்கொண்டு நடந்தார். ஆசீர் இரண்டு வருடம் தங்கியிருந்தது இவர் வீட்டு மாடியறையில்தான்.

முப்பத்து நான்கு வருடம் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள் நான். டோரீன் பேசிய முதல் வாக்கியமே புரியவில்லை. பசியோடு இருப்பாய் என்கிறார் என நினைத்து, ரயிலில் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். குளிரில் விறைத்துப் போயிருப்பாய் என்பதற்கு இந்தப் பக்கத்தில் பட்டினிக்கான சொல்லைத்தான் பயன்படுத்துவார்களாம். அவர் பேசுவதை நம் ஊர்த் தமிழில் எழுதினால்தான் சரியாக வருகிறது. "ஏளா, வெறச்சிப் போயிட்ட. வா வா, கார்ல ஏறு." என்னை 'டக்' என்று கூப்பிடுகிறார். வாத்து. இங்கே அது செல்லமாம்.

வந்த காரணத்தை ஒரே தடவை எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 19 அன்று மூடுபனியில் ஆசீரின் சைக்கிள் சாலையோரக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. அக்டோபர் 4 அன்று பாளையங்கோட்டையில், சர்ச்சுக்குப் பின்னால், எல்லாம் முடிந்தது. இனி அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் எழுதுவேன்.

வேலை ஒன்று: அறையைக் காலி செய்வது. வேலை இரண்டு: ஆசீரின் ஆராய்ச்சியில் மீதியிருப்பதை முடிப்பது. இந்தப் பகுதியின் வட்டார ஆங்கிலத்தையும் லிதுவேனிய மொழியின் வட்டாரப் பேச்சையும் அவன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆங்கிலத்துக்கு டோரீன். லிதுவேனியனுக்கு ஸ்டாசிஸ் என்றொரு பெரியவர், இங்கே காய்கறி பேக்கிங் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். டோரீனுடையது முடிந்துவிட்டது. ஸ்டாசிஸுடையதில் நாற்பத்தொன்று பாக்கி. அது முடிந்தால் எல்லாப் பதிவுகளும் ஆசீர் பெயரில் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குப் போகும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கு மறுபக்கமே இருக்காது என்று அவனுடைய பேராசிரியை எழுதியிருந்தார். டிசம்பர் 1 எனக்கு விமானம்.

ஸ்டாசிஸுக்குச் செய்தி தெரியாது. முழங்கால் ஆபரேஷனுக்காக ஆகஸ்டில் லிதுவேனியா போனவர், பத்து நாள் முன்புதான் திரும்பியிருக்கிறார். நான்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

ஆசீரின் கேள்விகள் அட்டைகளில் இருக்கின்றன, ஒரு கேள்விக்கு ஓர் அட்டை. முதல் அட்டைக்கு முன்னால் ஒரு தாள். அதில் தனக்குத்தானே விதி எழுதி வைத்திருக்கிறான்: "சொல்லை நான் முதலில் சொல்லக் கூடாது. சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும், பொருளைக் காட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டால், மரியாதைக்காக எதிரே இருப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். அவர் வீட்டுச் சொல் உள்ளேயே தங்கிவிடும்."

நல்ல விதி. வகுப்பிலும் அப்படித்தான். விடையின் முதல் எழுத்தை நான் சொல்லிவிட்டால் நாற்பது பிள்ளைகளும் ஒரே விடையைக் கூவும்.

பொருள் காட்டுவதற்கென்று ஒரு துணிப் பை. அதற்குள் நூல்கண்டு, துணி கிளிப், ஊக்கு, கரண்டி, ஒரு கைப்பிடி காய்ந்த பட்டாணி, பொத்தான்கள். அடியில் ஒரு உருண்டை ரொட்டி, கல்லாக இறுகியிருந்தது. செப்டம்பர் 19 காலையில் டோரீன் சுட்டுக் கொடுத்தது. பை கால்வாய்க் கரையிலேயே கிடந்ததால் நனையவில்லையாம்.

ரொட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆசீரே கடைசி மாதங்களில் தமிழ்ச் சொற்களை மறந்துகொண்டிருந்தான். போனில் பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று, "அம்மா, தரையக் கூட்டுவோம்லா, கையில பிடிச்சி, அது என்னது?" என்பான். வெளிநாட்டில் இருந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. நானும் கண்டித்துப் பார்த்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஸ்டாசிஸைப் பார்த்தேன். டோரீன் காரில் கொண்டுபோய் விட்டார். ஊருக்கு வெளியே, நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறி நிலத்தில் டோரீனுக்கு ஒரு துண்டு, பக்கத்தில் ஸ்டாசிஸுக்கு ஒரு துண்டு. நிலம் இங்கே மேசைபோலத் தட்டை. தூரத்தில் ஒரு மனிதர் நின்றால் அவரிடம் போய்ச் சேரும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ஆனாலும் போதவில்லை.

எழுபத்தொன்பது வயது, ஊன்றுகோல், நீலக் கம்பளித் தொப்பி. அவருடைய கொட்டகைக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டிகள், இரண்டிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. குளிர்காற்றுக்காகக் கட்டியிருப்பார்கள்.

என்னைப் பார்த்ததும், "ஆசீர் அம்மா" என்றார். தமிழில், அப்படியே. நம் தெருவில் கூப்பிடுவதுபோல. ஆசீர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"ஆசீர் ஊருக்குப் போயிருக்கிறான்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெண்களிடம் காட்டும் மரியாதை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சரி. அம்மா வந்தாச்சு. உக்காருங்க" என்றார். அவருடைய ஆங்கிலம் ஆலையில் கற்றது. சின்னச் சின்னச் சொற்கள், ஒவ்வொன்றையும் எடுத்து மேசையில் வைப்பார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஊருக்குத்தான் போயிருக்கிறான்.

பையிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த ரொட்டியும் வெளியே வந்து, கை தவறிக் கீழே விழுந்தது. முழங்கால் வலியோடு குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, முத்தமிட்டு என்னிடம் கொடுத்தார். விழுந்த ரொட்டியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். கேட்காமலே ஒரு பாடம் நடத்தினார். ரொட்டிக்கு லிதுவேனியனில் 'துவோனா'. புத்தகத்திலும் தலைநகரத்திலும் அப்படி. ஆனால் அவருடைய பகுதி மேற்கே, ஜெமாய்த்தியா. அங்கே வடக்கத்திக்காரர்கள் 'தொவுனா', கடலோரத்தார் 'தோனா', தெற்கத்தியார் 'தூனா'. வாயில் ரொட்டி எப்படி வருகிறது என்பதை வைத்தே ஆளை மூன்றாகப் பிரித்துப் பெயரும் வைத்துவிட்டார்களாம்.

"நான் தொவுனா" என்றார், ஜாதகம் சொல்வதுபோல.

ஆசீரின் குறிப்பேட்டில் இதற்கு எதிர்ப்பக்கத்தில் இங்கிலாந்து வரைபடம். இதே உருண்டை ரொட்டி டோரீனுக்குக் 'காப்'. வடக்கே போனால் 'பிரெட்கேக்', மேற்கே 'பார்ம்', வேறிடத்தில் 'பாப்'. கீழே அவன் கையெழுத்து: "ஆங்கிலத்தில் ஊருக்கு ஊர் ரொட்டியின் பெயர் மாறுகிறது. லிதுவேனியனில் பெயர் ஒன்றுதான், வாய் மாறுகிறது." நன்றாக எழுதியிருக்கிறான். பத்துக்கு ஒன்பது கொடுப்பேன்.

இன்று ஆறு கேள்விகள் முடிந்தன.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. ஆசீரின் ஸ்வெட்டர்களைத் துவைத்தேன். இரண்டை மட்டும் துவைக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஹெட்போன் வைத்துக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். பேராசிரியை மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்: "பதில் சொல்பவரின் பேச்சை மட்டும் எழுதினால் போதும். கேட்பவரின் குரலை எழுத வேண்டியதில்லை."

டோரீன் பேசுகிறார், அறுவடை, முட்டைக்கோஸ், வெள்ளம் வந்த வருடம். நடுநடுவே ஆசீர். அவன் சொற்கள் மிகக் குறைவு. நல்ல கேள்வியாளன் அப்படித்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் நோட்டைப் பார்த்தபோது நான் எழுதியிருந்தது இதுதான்:

ம்.
இன்னொரு தடவை சொல்லுங்கள்.
இல்லை, அவசரமில்லை.
(இருமல்)
ம்.
இதைப் பாருங்கள். இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?
(சிரிப்பு)
ம்.

நான்கு பக்கம். டோரீன் பேசியதில் ஒரு வரிகூட எழுதவில்லை. நாளை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

அவன் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பதிவிலும், ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. அதை எப்படி எழுதுவது?

நவம்பர் 9, ஞாயிறு

ஸ்டாசிஸிடம் இன்று பத்து கேள்விகள். மாலை வெளிச்சம் பற்றிய ஓர் அட்டை இருந்தது, எண் 181. அதை வேகமாக வாசித்து வேகமாகக் கடந்தேன். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் அல்லவா.

இன்று அவர் நல்ல குஷியில் இருந்தார். அவருடைய மருமகன் நாட்டின் கிழக்குப் பக்கத்துக்காரன். "அவன் பேசினா பாட்டு. நான் பேசினா விறகு வெட்டுற சத்தம்னு சிரிக்கிறான்" என்றார். அவர்கள் சொல்லின் கடைசிப் பகுதியைக் கடித்துவிட்டுத்தான் பேசுவார்களாம். தெல்ஷியெய் என்ற அவருடைய ஊர் அவர் வாயில் 'தெல்ஷே'. "தலைநகர ஆள் சொல்லை முழுசாத் தின்பான். நாங்க வாலை நறுக்கி எடுத்து வச்சுக்குவோம். குளிர்காலத்துக்கு."

நம் தமிழ்நாட்டில் பாதிதான் அந்த நாடு. அதற்குள் மாமனார் பேசுவது மருமகனுக்குப் புரியவில்லை. ஆங்கிலமோ உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, ஆனால் டோரீனும் ஸ்காட்லாந்துக்காரரும் ஒருவாறு சமாளித்துக்கொள்கிறார்கள். மொழி எவ்வளவு தூரம் போயிற்று என்பது ஒன்று, எவ்வளவு நாள் ஒரே இடத்தில் ஊறிக்கிடந்தது என்பது வேறொன்று. இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். பரப்பி வைத்தால் அப்படியே இருக்கும், பாத்திரத்தில் மூடி வைத்தால்தான் புளிக்கும்.

ஆசீரைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்பதில்லை. எப்போது வருவான் என்றுகூட. கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

வந்ததும் தங்கை ஹெப்சி போன் செய்தாள்.

"ஏக்கா, அந்தப் பெரியவர்ட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ரெண்டு வாரம் ஆச்சு. நீ இன்னும் என்னத்துக்குக் காத்துக்கிட்டு கெடக்க?"

"அவருக்கு வயசாச்சு ஹெப்சி. தாங்க மாட்டாரு."

"யாரு தாங்க மாட்டா? அவரா, நீயா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

டோரீனோடு அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தேன். தேனீ வளர்ப்பைப் பற்றி ஸ்டாசிஸ் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தன் அப்பாவும் தேனீ வளர்த்தவர்தான் என்றார் டோரீன்.

"எங்கய்யா போனப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்கம்மா அழக்கூட இல்ல, கேட்டியா. மொதல்ல வாசச் சாவிய எடுத்தா. நேரா தேனிப் பெட்டிகிட்டப் போயி, ஒவ்வொரு பெட்டியிலயும் மூணு தட்டு. 'ஒங்க மொதலாளி போயிட்டாரு, தங்கங்களா'ன்னு சொன்னா. பெறவு கறுப்புத் துணி கட்டினா. அப்பறந்தான் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து அழுதா."

"தேனீக்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?"

"என்ன ஏளா இப்பிடிக் கேக்க? வீட்டுல ஒரு ஆளு போயிட்டா அதுககிட்டச் சொல்லணும். சொல்லலைன்னா கோவிச்சிக்கிடும். பறந்து போயிரும், இல்ல உள்ளயே முடங்கிக் கெடந்து முடிஞ்சிரும். மறைக்கிற வீட்டுல அதுக தங்காது."

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று தோன்றியது. கிழங்கு போதுமா என்று நான் கேட்டேன்.

வட்டார வழக்கங்கள் எவ்வளவு விதம்! இதைக் குறிப்பேட்டில் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மீண்டும் ஸ்டாசிஸ். பன்னிரண்டு கேள்விகள் முடிந்தன.

தேநீர் குடித்ததும் தேனீப் பெட்டிகளிடம் கூட்டிக்கொண்டுபோனார். குளிர்காலத்தில் அவை வெளியே வருவதில்லை. நடுவில் ராணியை வைத்து, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, ஒரு உருண்டையாக இருக்குமாம். வெளியில் இருப்பவை உள்ளே போகும், உள்ளே இருப்பவை வெளியே வரும். ஒருவருக்கே குளிர் முழுவதும் சேர்ந்துவிடாமல் முறை வைத்துத் தாங்குகின்றன.

"காதை வைங்க" என்றார்.

கறுப்புத் துணியை லேசாக விலக்கி மரத்தில் காதை வைத்தேன். உள்ளே ஒரு முனகல். மிகத் தாழ்வாக, விடாமல். ஹெட்போனில் ஆசீர் மூச்சு இழுப்பதற்கு முன்னால் இருக்குமே, அந்த வெறும் ஓசைபோலவே இருந்தது. அடுத்து அவன் பேசுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காது விறைத்த பிறகுதான் ஸ்டாசிஸ் என் தோளைத் தொட்டார்.

"உள்ளே இருக்கு" என்றார். "சத்தம் போடாது. ஆனா இருக்கு."

ஒரு குப்பி தேன் கொடுத்தார். "ஆசீருக்கா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"உங்களுக்கு" என்றார்.

நவம்பர் 20, வியாழன்

மூடுபனி. டோரீனோடு மருந்துக் கடைக்குப் போனேன். திரும்பும்போது அவர் வழக்கமான வழியில் திருப்பாமல் நான்கு மைல் சுற்றிப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சாலை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. யாராலும்.

ஒரு வளைவில், முன்னால் ஒரு சைக்கிளின் சிவப்பு விளக்கு தெரிந்தது. "நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். தமிழில். டோரீனுக்கு எப்படிப் புரிந்ததோ, நிறுத்தினார். அது ஏதோ வீட்டு வாசல் விளக்கு.

நவம்பர் 22, சனி

அட்டைகளைக் கட்டு கட்டும்போது ரப்பர் பேண்டு அறுந்து எல்லாம் தரையில் சிதறின. பொறுக்கும்போதுதான் பார்த்தேன். அட்டைகளின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறது. மூன்று வாரமாக ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காத டீச்சர்!

"அம்மா, ஜூன் 3: வாரியல். (முதலில் துடைப்பம் என்றாள். பிறகு, 'வாரியல எங்க போட்டா இந்தப் பொம்பள' என்று பக்கத்தில் யாரையோ சத்தம் போட்டாள்.)"

"அம்மா, ஜூன் 17: அடுக்களை."

"அம்மா, ஜூலை 11: சாதம். (பேச்சு வாக்கில் மூன்று தடவை சோறு. சோறு என்றே எழுதிக்கொள்கிறேன்.)"

"அம்மா, ஆகஸ்ட் 8: சீனி. குரலில் சளி. மருந்து எடுத்தாளா என்று கேட்க வேண்டும்."

அவன் தமிழை மறக்கவில்லை.

சொல்லை முதலில் சொல்லாமல், சுற்றி வளைத்து, என்னிடமும் கேட்டிருக்கிறான். நானும் அவனுடைய ஆராய்ச்சியில் ஓர் ஆள். டோரீன், ஸ்டாசிஸ், அம்மா. சின்ன வயதில் அவன் 'வாரியல்' என்றால் 'துடைப்பம் என்று சொல்' என்று திருத்தியவள் நான். விருந்தாளிகள் வந்தால் ஊர்ப்பேச்சு பேசக் கூடாது என்று கண்ணாலேயே மிரட்டியவள். அந்தப் பேச்சை என் வாயிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான்.

180 வரை பின்பக்கம் நிறைந்திருக்கிறது. 181-இல், "அம்மா, செப்டம்பர் 19:" என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்று அவன் போன் செய்தான். நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அம்மா, சாயங்காலம் வெளிச்சம் போயிட்டே இருக்கும்லா, எதிர்ல வாரவன் மூஞ்சி தெரியாது, ஆனா ராத்திரியும் ஆகல, அந்த நேரத்துக்கு நீ என்ன சொல்லுவ?" என்றான்.

நான் சொன்னேன்: "தாய்மொழியையே மறந்துட்டு என்னல ஆராய்ச்சி? மொதல்ல தமிழைப் படி. படிச்சிட்டு அப்புறமா எனக்குப் போன் பண்ணு."

அவன் சிரித்தான். "சரி டீச்சர்" என்றான். வைத்துவிட்டேன்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். அவன் கால்வாய்க்குள் போனது அந்தச் சொல்லுக்குரிய நேரத்தில்தான் என்று போலீஸ் காகிதத்தில் இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

ஸ்டாசிஸிடம் போனேன். கடைசிப் பகுதி: மனித வாழ்க்கை. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சண்டை, சமாதானம். 211 வரை முடித்துவிட்டேன். 212-ஐ எடுத்தேன், வாசித்தேன், பையில் வைத்துவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன்.

"அடுத்த ஞாயிறு" என்றார். "காத்திருக்கேன்."

ஹெப்சிக்கு நானே போன் செய்தேன். தொண்டையைப் பற்றியும் ஸ்டாசிஸ் கொடுத்த தேனைப் பற்றியும் சொன்னேன். "அக்கா, தேன் சளிக்கு நல்லது, சாப்பிடு" என்றாள் கடைசியில்.

நவம்பர் 26, புதன்

பெட்டி கட்டியாயிற்று. துவைக்காத ஸ்வெட்டர்கள் இரண்டும் என் கைப்பையில்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலேயே போய்விட்டேன், வெளிச்சம் இருக்கும்போதே. டோரீன் என்னை விட்டுவிட்டுப் போகாமல் தன் நிலத்தில் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார்.

ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அட்டையை வாசித்தேன். "ஒருவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. இனி அவர் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு என்ன ஆயிற்று என்று உங்கள் வீட்டில் சொல்வீர்கள்?"

ஸ்டாசிஸ் தொப்பியைக் கழற்றினார். "நொமெரெ" என்றார். பிறகு, ஆசீர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்பதுபோல, விளக்கமும் சொன்னார். "மனுசனுக்கு இந்தச் சொல். மாடு, நாய், குதிரைக்கு வேற சொல். மட்டமான சொல். மாத்திச் சொன்னா அடி விழும். ஆனா தேனீக்கு மட்டும் மனுசன் சொல். தேனீ வீட்டு ஆள்."

அட்டையில் குறித்துக்கொண்டேன். முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. ரெக்கார்டரை நிறுத்தக் கையை நீட்டினேன்.

அவர் தன் கையை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"இப்போ நான் கேக்கறேன்" என்றார். "ஆசீர் சொல்லிக்கொடுத்த மாதிரி." மற்றொரு கையால் தொப்பியை முறுக்கிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "ஒரு பையன். நல்ல பையன். சைக்கிள். மூடுபனி. தண்ணி. தூரத்துல இருந்து அம்மா வர்றாங்க. அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு? ஸ்கூல்ல சொல்ற மாதிரி வேண்டாம். வீட்டுல எப்படிச் சொல்வீங்க?"

பிறகு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. எடுத்துக்கொடுக்கவில்லை. 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

நல்ல தமிழ் என்று நான் வைத்திருந்த சொற்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. காலமானார், இயற்கை எய்தினார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒன்றும் வாய்க்குள் வரவில்லை. வந்தது வேறு. எங்கள் அம்மா சொல்வது, நான் பிள்ளைகளுக்குத் திருத்தியது.

"எம் புள்ள செத்துப் போயிட்டான்" என்றேன். "எம் புள்ள செத்துப் போயிட்டான்யா."

தமிழில்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒரு முறை அதை மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்தார், உச்சரிப்புத் தவறாமல் இருக்க வேண்டும் என்பதுபோல.

நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டுத்தான் சொன்னார். அக்டோபரில் திரும்பி வந்த அன்றே பெட்டிகளில் கறுப்புத் துணியைப் பார்த்து, டோரீனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவர் ஊரில் இல்லாத இரண்டு மாதமும் தேனீக்களைப் பார்த்துக்கொண்டது டோரீன்தான். செப்டம்பர் 20 காலையில் டோரீன் வாசல் சாவியோடு வந்து, மூன்று தட்டுத் தட்டி, ஆசீரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவன் ஞாயிறுதோறும் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து கேள்வி கேட்பானாம்.

"அப்படியென்றால் நான் வந்த முதல் நாளே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"ஆசீர் விதி" என்றார். "நான் முதல்ல சொன்னா, நீங்க மரியாதைக்குத் திருப்பிச் சொல்வீங்க. உங்க சொல் உள்ளயே இருந்துடும்."

டோரீன் மண்கையோடு வந்து நின்றிருந்தார். "சொல்லிட்டாளா?" என்று அவரிடம் கேட்டார். பிறகு என்னிடம், "தேனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்தக் கெழவனுக்குத் தெரியும். நீ ஒருத்திதான் பாக்கி ஏளா" என்று சொல்லி, கையில் மண் இருக்கிறதே என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார்.

ஸ்டாசிஸ் பெட்டிகளிலிருந்து கறுப்புத் துணியை அவிழ்த்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். துணிப் பையிலிருந்து அந்த ரொட்டியை எடுத்தேன். இந்தத் தடவை கீழே விழவில்லை, ஆனாலும் முத்தமிட்டேன். பெட்டியின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

விமான நிலையம். விமானம் ஒரு மணி நேரம் தாமதம்.

காலையில் பதிவுகளைப் பேராசிரியைக்கு அனுப்பியாயிற்று. கூடவே ஒரு கடிதம்: "212-ஆம் கேள்வியில் மட்டும் கேட்பவரின் குரலையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற பதிவுகளில் கேட்பவரின் குரலை நான் எழுதி வைத்திருக்கிறேன். அது எழுபது பக்கம். அதைத் தர மாட்டேன்." பேராசிரியை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அட்டைகளின் அசல் என் மடியில். நேற்று இரவு பின்பக்கங்களை நிரப்ப உட்கார்ந்தேன். 182-இலிருந்து 212 வரை, யோசிக்காமல், ஊர்ப்பேச்சிலேயே எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

மணி மூன்றே முக்கால். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. ஓடுபாதைப் பக்கம் ஒரு ஆள் நடந்து வருகிறார், முகம் தெரியவில்லை. ராத்திரியும் ஆகவில்லை.

181.
அம்மா, செப்டம்பர் 19: கருக்கல்.